டிரைவ் முடிந்தது, படங்கள் எங்கே?

வாசகர் கேள்வி – பதில்

'டிரைவ்' எனப்படும் கார் குழுக்களின் கூட்டுப் பயணம் பற்றி இம்முறை வந்த கேள்விகளில் பல, வண்டியைப் பற்றியவை அல்ல. வீடு திரும்பிய பிறகு படங்களையும் வீடியோக்களையும் என்ன செய்வது என்பதைப் பற்றியவை. அவற்றுக்கு மட்டும் இந்த இதழில் பதில்.

கேள்வி: கொல்லிமலைக்கு 18 கார்களில் போய்வந்தோம். அன்று இரவே வாட்ஸ்அப் குரூப்பில் தொள்ளாயிரம் படங்கள் வந்து குவிந்தன. அதிலிருந்து காலண்டர் போடலாமென்று பிரஸ்ஸில் கொடுத்தால், "எதுவும் தேறாது" என்கிறார்கள். போனில் பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறது? – நாமக்கல் வாசகர்

பிரஸ்காரர் சொன்னது சரி. போன் வழக்கமாக எடுக்கும் 12 மெகாபிக்சல் படத்தின் அளவு 4032-க்கு 3024 பிக்சல். அதை வாட்ஸ்அப்பில் சாதாரண போட்டோவாக அனுப்பினால் நீளப் பக்கம் சுமார் 1600 பிக்சலுக்குச் சுருங்கிவிடுகிறது. கையகல போன் திரைக்கு அது தாராளம். 18 அங்குல அகலக் காலண்டரில் போட்டால் அங்குலத்துக்கு 90 புள்ளிகூடத் தேறாது. அச்சுக்குக் குறைந்தது 200 வேண்டும், 300 இருந்தால் நல்லது. அதே படத்தின் ஒரிஜினல் 224 தந்திருக்கும்.

'எச்.டி.' பொத்தானை அழுத்தி அனுப்பினால் படம் பெரிதாகப் போகும், ஆனால் அதுவும் ஒரிஜினல் அல்ல. கிளிப் குறியைத் தொட்டு 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பினால்தான் எடுத்த படம் எடுத்தபடியே போகும். ஒரு கோப்பு 2 ஜி.பி. வரை இருக்கலாம். காலண்டருக்கு நாலைந்து படம் கேட்டு வாங்க இது போதும். தொள்ளாயிரம் படத்தையும் இப்படி அனுப்பினால் ஆட்டோ டவுன்லோடு போட்டு வைத்திருக்கும் அத்தனை பேரின் போனும் நிரம்பி, மறுநாளே பாதிப் பேர் குரூப்பை மியூட் செய்துவிடுவார்கள்.

ஆகவே குரூப் பேச்சுக்கு, ஆல்பம் படத்துக்கு என்று பிரித்துவிடுங்கள். கூகுள் போட்டோஸில் ஒரு பகிர்வு ஆல்பத்தை டிரைவுக்கு முந்தைய நாளே திறந்துவிட வேண்டும். திரும்பி வந்து திறந்தால் அதற்குள் எல்லோரும் வாட்ஸ்அப்பில் கொட்டி முடித்திருப்பார்கள். ஆல்ப லிங்கை கியூ.ஆர். கோடாக மாற்றி ஏ4 தாளில் அச்சடித்து, காலை டிபன் நிறுத்தத்தில், முன்னால் வழிகாட்டிச் செல்லும் லீட் காரின் பின் கண்ணாடியில் ஒட்டுங்கள். இட்லி வரும் நேரத்தில் எல்லோரும் ஸ்கேன் செய்து உள்ளே வந்துவிடுவார்கள்.

ஒரு பகிர்வு ஆல்பத்தில் 20,000 படங்கள் வரை போடலாம். 18 கார் என்ன, 50 கார் வந்தாலும் நிரம்பாது. அவரவர் படம் அவரவர் கூகுள் கணக்கின் 15 ஜி.பி.யில்தான் சேரும், ஆல்பத்தைத் திறந்தவர் தலையில் விழாது. தவறு நடக்கும் இடங்கள் இரண்டு. முதலாவது, பேக்கப் தரம். 'ஸ்டோரேஜ் சேவர்' என்று வைத்திருப்பவரின் 4கே வீடியோ 1080-க்கு இறங்கிவிடும், 16 மெகாபிக்சலுக்கு மேற்பட்ட படமும் சுருங்கும். ஏற்றுவதற்கு முன்னால் 'ஒரிஜினல் குவாலிட்டி' என்று மாற்றச் சொல்லுங்கள். ஏற்றியபின் மாற்றினால் ஏற்கெனவே சுருங்கியது திரும்ப விரியாது. இரண்டாவது, ஆல்பத்தை விட்டு ஒருவர் வெளியேறினால் அவர் போட்ட படங்களும் கூடவே வெளியேறிவிடும். குழுவில் மனஸ்தாபம் வருகிற அன்றைக்குத்தான் இது தெரியவரும்.

அதனால் ஆல்பத்தைக் கிடங்காக நம்ப வேண்டாம். ஞாயிறு டிரைவ் என்றால் புதன் இரவு கடைசி நாள் என்று முன்பே சொல்லிவிடுங்கள். வியாழனன்று பொறுப்பாளர் ஒருவர் கம்ப்யூட்டரில் ஆல்பத்தைத் திறந்து, மூன்று புள்ளி மெனுவில் 'டவுன்லோடு ஆல்' கொடுத்து ஹார்டு டிஸ்கில் இறக்க வேண்டும். இன்னொருவர் வீட்டில் இரண்டாவது நகல் இருக்கட்டும். பொறுப்பாளர் ஒருவர்தான் இருக்க வேண்டும் என்பதை அழுத்திச் சொல்கிறோம். மூன்று பேர் இருந்தால் ஒவ்வொருவரும் மற்றவர் செய்திருப்பார் என்று இருந்துவிடுவார்கள்.

கேள்வி: ஐபோனில் எடுத்துக் கொடுத்த படங்கள் நண்பரின் விண்டோஸ் கம்ப்யூட்டரில் திறக்கவில்லை. வீடியோ திறந்தாலும் வெளுத்துப் போய்த் தெரிகிறது. – கோவை வாசகர்

இரண்டும் வேறு வேறு கோளாறு. படம் திறக்காததற்குக் காரணம் ஐபோன் படங்களைச் சேமிக்கும் எச்.இ.ஐ.சி. வடிவம். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஹெய்ஃப், எச்.இ.வி.சி. நீட்சிகள் இரண்டையும் நிறுவினால் திறக்கும். வீடியோவுக்கு வி.எல்.சி. பிளேயர் போதும். அடுத்த முறைக்கு ஐபோன் செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மேட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்று வைத்தால் படங்கள் ஜேபெக்காகவே பதிவாகும். ஆனால் அப்படி வைத்தால் நொடிக்கு 60 பிரேம் கொண்ட 4கே வீடியோ எடுக்க முடியாது. அது தேவைப்படுகிறவர் மாற்றாமல் இருப்பதே மேல்.

வெளுப்புக்குக் காரணம், பிரகாசத் தகவலைக் கூடுதலாகப் பதியும் எச்.டி.ஆர். வீடியோ. அந்தப் பிரகாசத் தகவலைப் புரிந்துகொள்ளாத திரையில் வானம் சுண்ணாம்பு அடித்த மாதிரியும் காரின் நிறம் சாயம் போன மாதிரியும் தெரியும். கேமரா செட்டிங்ஸில் 'ரெக்கார்டு வீடியோ'வுக்குள் எச்.டி.ஆர். வீடியோவை அணைத்துவிட்டு எடுங்கள். பல வண்டிக்காரர்களின் கிளிப்புகளைச் சேர்த்து ஒரே வீடியோ செய்யப் போகிறீர்கள் என்றால் இதை எல்லா ஐபோன்காரர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கேள்வி: மலைமேல் சிக்னலே இல்லை. தங்கும் இடத்திலேயே படங்களை மாற்றிக்கொள்ள வழி உண்டா? – பொள்ளாச்சி வாசகர்

உண்டு, இணையமே வேண்டாம். ஆண்ட்ராய்டுக்கு ஆண்ட்ராய்டு குவிக் ஷேர், ஐபோனுக்கு ஐபோன் ஏர்டிராப். இரண்டுமே ஒரிஜினலைத்தான் அனுப்புகின்றன. பத்துப் பேருக்கு மேல் என்றால் டைப்-சி பென்டிரைவ் ஒன்றைக் கைக்குக் கை சுற்றவிடுவது சுலபம்.

வாங்கும்போது யு.எஸ்.பி. 3 பார்த்து வாங்குங்கள். மலிவான பழைய ரகம் நொடிக்கு 10 எம்.பி. வேகத்தில் எழுதினால், ஒருவருடைய 20 ஜி.பி. வீடியோவுக்கே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். பென்டிரைவை எக்ஸ்ஃபாட் முறையில் ஃபார்மேட் செய்து கொண்டுபோங்கள். ஃபாட்32-இல் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு ஏறாது. நீளமான 4கே கிளிப் பாதியில் நின்று, இடம் இல்லை என்று போன் சொல்லும்போது, காலியான பென்டிரைவைக் கையில் வைத்துக்கொண்டு விழிக்க வேண்டிவரும்.

கேள்வி: ஐந்து போன், ஒரு டி.எஸ்.எல்.ஆர்., இரண்டு கோப்ரோ. எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் போட்டால் காலை டீ, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிறது. கோப்ரோ கிளிப்புகள் முன்னும் பின்னுமாகக் கலைந்து கிடக்கின்றன. – ஈரோடு வாசகர்

போன்கள் நெட்வொர்க்கிடமிருந்து நேரம் வாங்கிக்கொள்கின்றன, அவற்றுக்குள் தகராறு வராது. டி.எஸ்.எல்.ஆரின் கடிகாரத்தை யாராவது கையால் வைத்திருப்பார்கள். பேட்டரி பல நாள் காலியாகக் கிடந்தால் தேதியே பழசுக்குப் போயிருக்கும். ஆக்‌ஷன் கேமராவான கோப்ரோவும் அப்படித்தான்.

இதற்குச் செலவில்லாத வைத்தியம் ஒன்று உண்டு. கிளம்பும் இடத்தில், ஒரு போனில் நொடி முள்ளோடு கடிகாரத்தைத் திறந்துவைத்து, ஒவ்வொரு கேமராவாலும் அந்தத் திரையை ஒரு படம் எடுங்கள். வீட்டுக்கு வந்து பார்க்கும்போது படத்துக்குள் தெரியும் நேரம் 6:47, அந்தப் படத்தின் விவரத்தில் கேமரா பதிந்த நேரம் 4:12 என்றால், அந்தக் கேமராவின் அத்தனை படங்களுக்கும் 2 மணி 35 நிமிடம் கூட்ட வேண்டும். எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளில் ஒரு ஃபோல்டர் முழுவதற்கும் ஒரே கட்டளையில் இதைச் செய்யலாம். லைட்ரூம் கிளாசிக் மென்பொருளில் 'எடிட் கேப்சர் டைம்' இதே வேலையைச் செய்யும். கூகுள் போட்டோஸின் இணையப் பக்கத்தில் பல படங்களைத் தேர்ந்தெடுத்து நேரத்தை மொத்தமாக நகர்த்தலாம்தான். அந்தத் திருத்தம் ஆல்பத்துக்குள் வரிசையைச் சரிசெய்யும், உங்களிடம் இருக்கும் ஒரிஜினல் கோப்பைத் தொடாது. ஆகவே ஏற்றுவதற்கு முன்பே கோப்பில் திருத்திவிடுவது நல்லது.

வாட்ஸ்அப்பில் சுற்றி வந்த படத்துக்கு இந்த வைத்தியம் பலிக்காது. எடுத்த நேரம் பற்றிய குறிப்பு அனுப்பும்போதே உதிர்ந்துவிடுகிறது. கோப்பின் பெயரில் இருக்கும் தேதி படம் எடுத்த தேதி அல்ல, வாட்ஸ்அப்பில் வந்துபோன தேதி.

கோப்ரோ விவகாரம் வேறு. நீளமான பதிவை அது துண்டு துண்டாக வெட்டிச் சேமிக்கிறது, பல மாடல்களில் 4 ஜி.பி.க்கு ஒரு துண்டு. பெயரில் முதல் இரண்டு எழுத்து வீடியோ வகை, அடுத்த இரண்டு இலக்கம் துண்டின் எண், கடைசி நான்கு இலக்கம்தான் பதிவின் எண். ஆகவே 010123, 020123, 030123 மூன்றும் 123-ஆம் பதிவின் மூன்று துண்டுகள். பெயர் வரிசைப்படி அடுக்கினால் எல்லாப் பதிவுகளின் முதல் துண்டும் ஒன்றாக நிற்கும், பிறகு எல்லா இரண்டாம் துண்டுகளும் வரும். உங்கள் ஃபோல்டரில் நடந்திருப்பது இதுதான். கடைசி நான்கு இலக்கத்தை முன்னால் கொண்டுவந்து பெயர் மாற்றுங்கள், வரிசை தானாகவே அமையும்.

கார்டில் எல்.ஆர்.வி. என்று முடியும் கோப்புகளும் இருக்கும். குப்பை என்று அழித்துவிடாதீர்கள். அவை அதே வீடியோவின் சிறிய நகல்கள். கோப்பின் முடிவை எம்.பி.4 என்று மாற்றினால் சாதாரண பிளேயரிலேயே ஓடும். எந்தக் கிளிப் வேண்டும் என்று குரூப்பில் காட்டித் தேர்ந்தெடுக்க அதைவிடச் சுலபமான வழி இல்லை.

கேள்வி: குழுப் படத்தை இன்ஸ்டாகிராமில் போட்டேன். உறுப்பினர் ஒருவர் தன் நம்பர் பிளேட் தெரிகிறது என்று கோபப்பட்டார். இது அவ்வளவு பெரிய விஷயமா? – சென்னை வாசகர்

அவர் வண்டி, அவர் எண். காரணம் கேட்காமல் மறைத்துக் கொடுப்பதுதான் முறை. எந்த நிறத்தில் எந்த மாடல், என்ன எண், என்றைக்கு ஊரில் இல்லை என்று மூன்றும் ஒரே படத்தில் அந்நியருக்குத் தெரிவதை எல்லோரும் விரும்பமாட்டார்கள். அதே நிற, அதே மாடல் காரில் அந்த எண்ணை ஒட்டிக்கொண்டு யாரோ சுற்ற, அபராதச் சீட்டு இவர் வீட்டுக்கு வரும் தொல்லையும் இருக்கிறது.

படத்தில் மறைக்கும்போது போனின் மார்க்கர் பேனாவால் தேய்க்காதீர்கள். பல போன்களில் அந்த மை முழுக்க ஒளிபுகாதது அல்ல, வெளிச்சத்தைக் கூட்டினால் எண் எட்டிப் பார்க்கும். முழு நிறக் கட்டம் ஒன்றை வைத்து மூடுங்கள். மூடியபின் படத்தைப் பெரிதாக்கி ஒருமுறை சுற்றிப் பாருங்கள். வரிசையாக நிறுத்திய கார்களில், பின்னால் நிற்கும் காரின் முன் பிளேட் முன்னால் நிற்கும் காரின் பளபளக்கும் பம்பரில் தலைகீழாகவோ இடவலம் மாறியோ பிரதிபலிக்கும். பிளேட்டை மூடிவிட்டுப் பிரதிபலிப்பை விட்டுவிட்ட படங்கள் ஏராளம்.

ஓடும் வீடியோவில் மறைக்க யூடியூப் ஸ்டூடியோவின் எடிட்டரில் 'பிளர்' இருக்கிறது. பிளேட்டைச் சுற்றிக் கட்டம் போட்டால் கூடவே நகர்ந்து மறைக்கும். கொண்டை ஊசி வளைவில் கார் திரும்பும்போது கட்டம் நழுவும், அந்த இடத்தில் மட்டும் கையால் சரிசெய்யுங்கள்.

பிளேட்டைவிடக் கவனிக்க வேண்டியவை வேறு மூன்று. முதலாவது, வேகம். காரின் முன் கண்ணாடியில் மாட்டும் டேஷ்கேம் கேமராவின் வீடியோவில் கீழ் ஓரத்தில் அது பதிந்திருக்கும். அதை அப்படியே போடுவது தன் மீதான சாட்சியைத் தானே எழுதிக் கொடுப்பது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 183-ஆவது பிரிவு அதிவேகத்துக்கு, 184 ஆபத்தாக ஓட்டுவதற்கு, 189 சாலையில் பந்தயம் ஓட்டுவதற்கு. 184-இன்படி முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறையோ, ஆயிரம் முதல் ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஓட்டிக்கொண்டே கையில் போன் வைத்துப் படம் எடுப்பதும் இதே பிரிவில்தான் வருகிறது. வேகம் தெரியாமல் கீழ் ஓரத்தை வெட்டிவிட்டால் தப்பு சரியாகிவிடும் என்று இதற்குப் பொருள் அல்ல. அப்படி ஓட்டிய கிளிப் ஆல்பத்துக்குள்ளேயே வர வேண்டாம் என்பதுதான் எங்கள் கட்சி. சன்ரூஃபில் குழந்தை தலை நீட்டி நிற்கும் கிளிப்பும் அந்த ரகம்தான்.

இரண்டாவது, ஒலி. பெரும்பாலான டேஷ்கேம்கள் காருக்குள் பேசுவதையும் பதிவு செய்கின்றன. மாமியாரைப் பற்றிய பேச்சு நாற்பது குடும்பங்களுக்குப் போவதற்குள் ஒலியை நீக்கிவிடுங்கள். மூன்றாவது, இடக்குறிப்பு. டாக்குமெண்டாகவோ பென்டிரைவிலோ கொடுக்கும் ஒரிஜினலில் ஜி.பி.எஸ். எண்கள் ஒட்டிக்கொண்டே போகும். வீட்டு வாசலில் வண்டி கழுவும் படம் என்றால் வீட்டு முகவரியே போகிறது. கூகுள் ஆல்பத்தின் ஆப்ஷன்ஸில் இடத்தைப் பகிர்வதை அணைத்துவைக்கலாம்.

கேள்வி: நான் எடுத்த படத்தைக் குரூப்பிலிருந்து எடுத்து, ஒரு கார் உதிரிப்பொருள் கடை விளம்பரமாகப் போட்டிருக்கிறது. கேட்டால், "குரூப்பில் வந்ததுதானே" என்கிறார்கள். – மதுரை வாசகர்

குரூப்பில் வந்ததால் பொதுச்சொத்து ஆகிவிடாது. 1957-ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, யாரும் காசு கொடுத்து எடுக்கச் சொல்லாதபோது படத்தின் முதல் உரிமையாளர் எடுத்தவர்தான். உங்கள் போனில் இருக்கும் ஒரிஜினலே முதல் அத்தாட்சி, அதை அழிக்காமல் வையுங்கள். விளம்பரத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொண்டு, நீக்கும்படி எழுத்தில் கேளுங்கள். நீக்காவிட்டால் அந்தச் சமூகத் தளத்திலேயே காப்புரிமைப் புகார்ப் படிவம் இருக்கும்.

கேள்வி: எல்லோருடைய கிளிப்பையும் சேர்த்து ஒரு வீடியோ செய்தேன். சில கிளிப்பில் பேச்சும் உதடும் பொருந்தவில்லை, பின் விளக்குகள் மின்னி மின்னி எரிகின்றன. யூடியூப்பில் ஏற்றினால் பாட்டுக்குக் காப்புரிமை என்று செய்தி வருகிறது. – திருச்சி வாசகர்

உதடு பொருந்தாததற்குக் காரணம், நொடிக்கு எத்தனை பிரேம் என்ற வேகத்தைப் போன்கள் சீராக வைத்துக்கொள்வதில்லை என்பதுதான். 30 என்று போட்டாலும் வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் தகுந்தபடி 27-க்கு இறங்கி ஏறும். எடிட்டிங் மென்பொருள் சீரான 30 என்று எண்ணி ஓட்டுவதால், ஐந்து நிமிடக் கிளிப்பின் முடிவில் ஒலி விலகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் அந்தக் கிளிப்பைப் போட்டு, வீடியோ பகுதியில் 'கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்', 30 என்று கொடுத்து மாற்றியபின் எடிட்டிங்குக்கு எடுங்கள். பெயர் காருக்கு ஏற்றதாக அமைந்தது தற்செயல்.

விளக்கு மின்னுவது விளக்கின் குற்றம் அல்ல. எல்.ஈ.டி. பின் விளக்குகள் பலவும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து அணைந்து எரிகின்றன. பளிச்சென்ற வெயிலில் கேமரா ஷட்டர் ஆயிரத்தில் ஒரு நொடிக்குப் போகும்போது, சில பிரேம்களில் விளக்கு அணைந்த கணம் மாட்டிக்கொள்கிறது. புரோ மோடில் ஷட்டரை 50-இல் அல்லது 60-இல் ஒரு நொடியாக வைத்தால் வெகுவாகக் குறையும். வெயிலில் அப்படி வைத்தால் படம் வெளுக்கும் என்பதால் லென்ஸின் முன்னால் வெளிச்சத்தைக் குறைக்கும் ஒரு என்.டி. ஃபில்டர் வேண்டும். எடுத்துவிட்ட கிளிப்பை எடிட்டிங்கில் ஒழுங்காகச் சரிசெய்வது பாடு. வேறு கிளிப் போடுங்கள்.

பாட்டு விஷயத்தில், வந்த செய்தி 'கிளெய்ம்' என்றால் பெரும்பாலும் வீடியோ அங்கேயே இருக்கும், விளம்பர வருமானம் பாட்டின் உரிமையாளருக்குப் போகும். 'ஸ்டிரைக்' என்றால் வேறு கதை, வீடியோவே நீக்கப்படும். தொல்லையே வேண்டாமென்றால் யூடியூப் ஆடியோ லைப்ரரியில் இருக்கும் இசையை எடுங்கள். ஆனால் ஆறு சிலிண்டர் எஞ்சின் ஒன்று வளைவிலிருந்து மூன்றாம் கியரில் ஏறிவரும் சத்தத்தின் மேல் எந்தப் பாட்டையும் போடாதீர்கள். பார்க்கிறவர்கள் அந்தச் சத்தத்துக்காகத்தான் பார்க்கிறார்கள்.

கேள்வி: கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் டேஷ்கேமில் இருக்கும் என்று நம்பி இருந்தேன். மறுநாள் கார்டைப் பார்த்தால் திரும்பி வந்த நெடுஞ்சாலை மட்டும்தான் இருக்கிறது. மீட்க முடியுமா? – வேலூர் வாசகர்

டேஷ்கேம் சுழற்சி முறையில் பதிகிறது. கார்டு நிரம்பியதும் மிகப் பழைய கோப்பின் மேல் புதியதை எழுதும். 4கே கேமரா நிமிடத்துக்கு 200 எம்.பி. எழுதினால் 64 ஜி.பி. கார்டு ஐந்தரை மணி நேரத்துக்குள் ஒரு சுற்று முடித்துவிடும். காலையில் காரவள்ளி அடிவாரத்திலிருந்து ஏறியதை, மாலையில் வேலூர் திரும்பிய பயணம் தின்றுவிட்டது. அழித்த கோப்பை மீட்கும் மென்பொருள்கள் இங்கே உதவா. அவை அழிந்த இடத்தில் வேறு எதுவும் எழுதப்படாதபோதுதான் மீட்கும்.

அடுத்த முறை மலை ஏறி முடித்ததும் செம்மேட்டில் வண்டியை நிறுத்தி, கேமராவை அணைத்துவிட்டுக் கார்டைக் கழற்றி, வேறு கார்டு போட்டுவிடுங்கள். மாற்றுக் கார்டு இல்லையென்றால் கேமராவின் பூட்டுப் பொத்தான் இருக்கிறது. ஆனால் அது அந்த நேரத்துக் கோப்பை மட்டும்தான் பூட்டும், வழக்கமாக ஒன்று முதல் மூன்று நிமிடம். 70 வளைவுக்கும் அதை அமுக்கிக்கொண்டே போக முடியாது. ஓட்டுகிறவர் அமுக்கவே கூடாது.

இந்த முறைக்கு ஒரு வழி மிச்சம் இருக்கிறது. கான்வாயில் உங்களுக்கு நேர் முன்னால் போன கார் யாருடையது என்று பாருங்கள். அதில் பின்பக்கக் கேமரா இருந்து, அவர் நாமக்கல் போல அருகிலேயே வசிப்பவராக இருந்தால், அவருடைய கார்டு இன்னும் ஒரு சுற்று முடிந்திருக்காது. வண்டியை எடுக்க வேண்டாம் என்று இப்போதே போன் செய்து சொல்லுங்கள். உங்கள் டேஷ்கேமில் இருந்திருந்தால் வெறும் சாலைதான் இருந்திருக்கும். அவருடையதில் இருந்தால் நீங்கள் ஓட்டி வந்த கார் இருக்கும்.